அம்மியை வாயில் வைத்திருந்த விலங்கு

மே 30, 2025, வெள்ளி – செந்தூல், கோலாலம்பூர்

திருச்சியிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் முந்தின ராத்திரி தூங்காததால் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் சொருகியது. “பசியாறிட்டியா?” என்றாள் அக்கா. நாற்பது வருடம் இங்கே வாழ்ந்ததில் அவள் பேச்சில் திருச்சி குறைந்து செந்தூல் ஏறிவிட்டது. காலையில் சாப்பிடுவதை இங்கே பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே பாதிப் பசி அடங்கிவிடும்.

வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தாள். பொட்டலம் 3 வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். தேங்காய்ப்பால் சோறு, வறுத்த நெத்திலி, கடலை, அரை முட்டை, மேலே ஒரு கரண்டி சம்பால். சம்பால் இனிக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் காரம் வந்து சேர்ந்தது.

அக்காவின் பேரன் கவினுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, நேற்றுதான் விடுமுறை விட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பச்சை பொம்மையை என் கையில் வைத்தான். தட்டை மூக்கு, தடித்த வால். “சின்னப் பாட்டி, இது வாத்து மூக்கு டைனோசர். வாத்துன்னா நீந்தும்தானே? அப்ப இது தண்ணிலயா இருந்துச்சு?”

பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. 32 வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் முதல் பத்து வருடமாவது, வாத்தலகி என்றும் சொல்லப்படும் இந்த ஹாட்ரோசர்கள் சதுப்பு நிலத்தில் வாழ்ந்தன, தண்ணீரில் நீந்தின, மென்மையான நீர்ச்செடிகளைத் தின்றன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கையில் இருந்த பழைய புத்தகம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் 1964-லேயே, இவை நிலத்தில் மேய்ந்தவை என்று காரணகாரியத்தோடு எழுதிவிட்டார். அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது என் பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டே போயிருந்தார்கள். அவர்களுக்கு நான் பட்ட கடன் இன்னும் மனதில் கிடக்கிறது.

“நாளைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்றேன். நாலு மணிக்கு வானம் இருண்டு மழை கொட்டியது. ஓட்டுக் கூரையில் விழுந்த சத்தத்தில் அக்காவும் நானும் சைகையில்தான் பேசிக்கொண்டோம்.

மே 31, சனி – கோலாலம்பூர்

ஒரு பேரங்காடியில் டைனோசர் கண்காட்சி. பெரியவர்களுக்கு 35 வெள்ளி. கவின் ராத்திரியே சட்டையை எடுத்து நாற்காலியில் தொங்கவிட்டிருந்தான்.

உள்ளே ஏசி, ஊரில் மார்கழி விடியற்காலை மாதிரி. நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மூலையில் வாத்தலகி நின்றது. நீலம் பூசிய தொட்டியில் முழங்கால்வரை தண்ணீர், பிளாஸ்டிக் தாமரை, தரையில் வால் இழுபட, கையில் தவளைக்கு இருப்பதுபோல் விரலிடைச் சவ்வு. பலகையிலும் ‘சதுப்பு நில நீச்சல்வாசி’ என்ற பொருளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். நான் கரும்பலகையில் எழுதியதை அவ்வளவு பெரிதாக வண்ணம் பூசி நிறுத்தியதுபோல் இருந்தது. எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. கவின் என் முகத்தைப் பார்த்தான்.

அவனை அந்தத் தொட்டி ஓரமாகவே உட்காரவைத்துச் சொன்னேன்.

முதலில் வால். ஹாட்ரோசரின் முதுகெலும்பு நெடுக, வால்வரைக்கும், தசைநாண்கள் எலும்பாகவே இறுகியிருந்தன. மூங்கில் தட்டி பின்னுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஓடும். அதனால் வால் விறைத்து, தரைக்குச் சமமாகப் பின்னால் நீண்டிருந்தது. உடலின் முன்பாரத்துக்கு அது எடை நிறுத்தும் கோல். தண்ணீரில் நீந்த வேண்டுமென்றால் வால் முதலையின் வாலைப்போல் பக்கவாட்டில் வளைய வேண்டும். இது அப்படி வளையாது.

அடுத்தது கை. இந்தத் தப்பு எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் யாரையும் குறைசொல்லத் தோன்றாது. 1908-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் அவருடைய மகன்களும் எட்மாண்டோசாரஸ் என்ற ஹாட்ரோசர் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எலும்போடு தோலின் பதிவும் அப்படியே இருந்தது. விரல்களைச் சுற்றி ஒரு தோலுறை தெரிந்தது. வாத்துக் காலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நீந்தும் சவ்வு. உண்மையில் அது நடு விரல் மூன்றையும் ஒன்றாகப் பொதிந்த சதைத் திண்டு, உலர்ந்து தட்டையாகிப்போனது. ஒட்டகத்தின் காலடியை நினைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலே கிடையாது. விரல் நுனியில் குளம்புபோல் அகன்ற நகம். மேயும்போது நாலு காலும் ஊன்றும், அவசரம் என்றால் பின்னங்கால் இரண்டில் ஓடும்.

“அவசரம்னா டி-ரெக்ஸா?” என்றான் கவின். ஆமாம். டென்வர் அருங்காட்சியகத்தில் ஓர் எட்மாண்டோசாரஸின் வாலெலும்பில் கடிபட்ட தடம் இருக்கிறது. கடித்த இடம் ஆறி, எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. அப்படியானால் கடி வாங்கியும் அது தப்பித்துப் பிழைத்திருக்கிறது.

இவ்வளவையும் பின்னால் நின்று ஒரு தம்பி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. கண்காட்சிச் சட்டை போட்ட தமிழ்ப் பையன், கல்லூரி விடுமுறையில் பகுதிநேர வேலையாம். “ஆன்ட்டி, ஒரு நிமிஷம், இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்களேன்” என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டான். பலகையை மாற்ற அவனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அடுத்து வந்த குடும்பத்திடம் வாலைக் காட்டி, “மாதிரியில இழுபடுது, நிஜத்துல தூக்கித்தான் வச்சிருக்கும்” என்று அவன் சொல்வதைக் காதால் கேட்டேன். அந்த 35 வெள்ளி எனக்கு அப்போதே திரும்பிவிட்டது.

மலேசியாவில் டைனோசர் உண்டா என்றும் அவனே கேட்டான். உண்டு. 2014-ல் மலாயா பல்கலைக்கழகக் குழு, பஹாங் மாநிலத்தில் மீன் தின்னும் வகை டைனோசர் ஒன்றின் பல் கிடைத்ததாக அறிவித்தது. அதே வருடம் தாவரம் தின்னும் வகையின் பல்லும் கிடைத்தது. யாரும் தோண்டிக்கொண்டு போய்விடாமல் இருக்க இடத்தை வெளியே சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு – பறவைப் பூங்கா

ஏரிப் பூங்காவை ஒட்டியிருக்கும் பறவைப் பூங்கா. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடக் கட்டணம் கூடுதல். கொடுத்ததற்கு வருத்தமில்லை. வலைக்கூரைக்குக் கீழே பறவைகள் நம்மோடு நடக்கின்றன. கவின் கையிலிருந்த ரொட்டித் துண்டை ஓர் உண்ணிக்கொக்கு பறித்துக்கொண்டு போனது. அவன் அழவில்லை, “அதுக்குப் பசியாறணும்ல” என்றான்.

முதலில் வாத்துக் குளத்துக்குத்தான் கூட்டிப்போனேன். அவன் கேள்வி பிறந்த இடம் அதுதானே. வாத்துக்குப் பல் கிடையாது. அலகின் ஓரத்தில் சீப்புப் பல்போல் மெல்லிய தகடுகள் இருக்கும். தண்ணீரைச் சேறோடு உறிஞ்சி, தகட்டின் வழியே வெளியே விட்டு, இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். சல்லடைதான். ஹாட்ரோசரின் வாய் முனையிலும் பல் இல்லை, தட்டையாகவும் இருக்கும். ஒற்றுமை அதோடு சரி. அந்த எலும்பின்மேல் நம் நகத்தின் பொருளாலான உறை ஒன்று இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்து மண்டையோடு ஒன்றில் அதன் பதிவே இருக்கிறது, கீழ்நோக்கி வளைந்து இறங்குகிறது. கிளையைப் பற்றி இழுக்கவும் தழையை நறுக்கவும் ஏற்ற விளிம்பு. உறை போன பிறகு எலும்பை மட்டும் பார்த்தவர்கள் வாத்து என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, நூறு வருடம் கண்ணையும் மறைத்தது.

அப்புறம் இருவாசிகள். மலேசியாவின் தேசியப் பறவை, தலையில் செம்மஞ்சள் கொம்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அது எங்களுக்கு மூன்றடி தூரத்தில் கட்டையில் உட்கார்ந்து பப்பாளித் துண்டைத் தூக்கிப்போட்டு விழுங்கியது. அது குரல் கொடுத்தபோது கவின் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கொம்பு உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். குஞ்சாக இருக்கும்போது கொம்பே இருக்காது, வளர வளரத்தான் வரும்.

இங்கேதான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஹாட்ரோசர்களில் ஒரு கிளைக்குத் தலையில் கொண்டை உண்டு. கோரித்தோசாரஸுக்குப் பாதித் தட்டை நிமிர்த்தி வைத்ததுபோல், பாராசாரோலோஃபஸுக்குப் பின்னால் நீண்ட குழல்போல். இவற்றிலும் குட்டிகளுக்குக் கொண்டை சிறியது. அந்தச் சின்னக் கொண்டைகளைத் தனித்தனி இனம் என்று எண்ணி ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். 1975-ல் பீட்டர் டாட்சன் மண்டையோடுகளை அளந்து பார்த்து, அவற்றில் பல ஒரே இனத்தின் குட்டியும் ஆணும் பெண்ணும்தான் என்று காட்டினார். கட்டையில் உட்கார்ந்திருந்த இருவாசிக் குடும்பத்தைப் பார்த்தால் அந்தத் தவறு எவ்வளவு எளிது என்று புரியும்.

ஒரு வேறுபாட்டையும் கவினுக்குச் சொன்னேன். இருவாசியின் மூச்சு கொம்புக்குள் போய்வருவதில்லை. கொண்டையுள்ள ஹாட்ரோசருக்கோ மூக்குப் பாதையே கொண்டைக்குள் ஓடியது. இழுத்த மூச்சு கொண்டை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் தொண்டைக்கு இறங்கும்.

பெண் இருவாசி மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும், ஆண் ஒரு சிறு பிளவு வழியாக ஊட்டும் என்று பராமரிப்பாளர் மலாயில் சொன்னார். கவின் எனக்கு மொழிபெயர்த்தான். பதிலுக்கு நான் மையாசாரா கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் மொன்டானாவில் ஜாக் ஹார்னரும் ராபர்ட் மகேலாவும் 1979-ல் பெயர் வைத்த ஹாட்ரோசர் அது. பெயருக்கு ‘நல்ல தாய்ப் பல்லி’ என்று பொருள். ஆறேழு மீட்டர் இடைவெளியில் கூடு கூடாக, குடியிருப்பு மாதிரி. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நசுங்கும் எடை. ஆகவே இலைதழைகளைப் போட்டு மூடி, அவை அழுகும் சூட்டில் பொரிக்கவிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். கூட்டிலிருந்த குஞ்சுகளின் கால்மூட்டு இன்னும் உறுதிப்படவில்லை, ஆனால் பல் தேய்ந்திருந்தது. நடக்க முடியாத குஞ்சுக்குப் பல் எப்படித் தேயும்? யாரோ கொண்டுவந்து ஊட்டியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. “அம்மாவா, அப்பாவா?” என்றான் கவின். எலும்பு அதைச் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள் – பினாங்கு

பேரரசர் பிறந்தநாள் விடுமுறை, ரயில் நிறைய ஆட்கள். இரண்டு பக்கமும் செம்பனை, நடுநடுவே ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள். இதே தண்டவாளம் வடக்கே தாய்லாந்து எல்லைவரை போகிறது. அதையும் தாண்டி வடகிழக்கே கோராட் பகுதியில் வாத்தலகிகளின் மூத்த உறவு ஒன்று கிடைத்து, 2015-ல் அந்நாட்டு இளவரசியின் பெயரால் சிரிந்தோர்னா என்று அழைக்கப்பட்டது. கவின் சன்னலில் மூக்கை வைத்து வடக்கே பார்த்துக்கொண்டே வந்தான்.

பட்டர்வொர்த்தில் ரயிலைவிட்டு இறங்கி, பினாங்குத் தீவுக்குப் படகு. கடற்காற்று பட்டதும் உடம்பு லேசாகிவிட்டது. அந்தப் பக்கம் இறங்கி வாடகைக் காரில் விடுதிக்குப் போன பிறகுதான் பச்சைப் பொம்மை இல்லை என்று தெரிந்தது. கவின் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். தொலைபேசியில் ஓட்டுநரைப் பிடித்தோம், பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டாராம். இரண்டு மணி நேரம் கழித்து அந்த மலாய்க்காரர் தானே வந்து, பொம்மையை இரண்டு கையாலும் நீட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றார். கெஞ்சி ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், மட்டும் குடிக்கவைத்தேன்.

மத்தியானம் நாசி கண்டார். ஒரு காலத்தில் தோளில் காவடிபோல் தடியின் இரு முனையிலும் சோறும் குழம்பும் சுமந்து விற்றதால் வந்த பெயர். எல்லாக் குழம்பும் கலந்து சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றுகிறார்கள். ஆட்டிறைச்சி, வெண்டைக்காயோடு 16 வெள்ளி. கல்லாவில் இருந்த கடைக்கார நானா (அண்ணன்), “ஊரு எங்கம்மா, கடையநல்லூர் பக்கமா?” என்று கேட்டார். திருச்சி என்றதும் ஒரு கரண்டி கறி கூடுதலாக விழுந்தது.

சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் அம்மி பார்த்தேன். புதுக்கல், 180 வெள்ளி. அதன் பக்கத்திலேயே கவினை உட்காரவைத்தேன். சொல்ல வேண்டியதில் முக்கியமானதை இதுவரை தள்ளிப்போட்டிருந்தேன்.

ஹாட்ரோசரின் தாடைக்குள், அலகுக்குப் பின்னால், பற்கள் வரிசை வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கி, செங்கல் சுவர்போல் இறுகியிருந்தன. பெரிய விலங்கின் வாயில் ஆயிரத்தையும் தாண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே அரைக்கும் பரப்பு. மேலே இருக்கும் பல் தேயத் தேய, கீழிருந்து புதுப்பல் ஏறி வரும். சாகும்வரை நிற்காது.

“கல்லு தேஞ்சா என்ன செய்வாங்க, தெரியுமா?” என்று கேட்டேன். கடைக்காரர் குறுக்கே வந்து, “கொத்தணும் தம்பி. வழுவழுன்னு ஆயிட்டா மிளகாய் அரையாது, வழுக்கிட்டுப் போயிடும். எங்க பாட்டி காலத்துல வீதியில ஆள் வருவான், உளி வச்சுக் கொத்திக் கொடுப்பான்” என்றார். இதைத்தான் நான் சொல்ல நினைத்திருந்தேன். நம் பல்லில் கடினப் பொருட்கள் மூன்று நான்குதான். ஹாட்ரோசர் பல்லில் ஆறு வகை இருந்ததாக 2012-ல் கிரெகரி எரிக்சன் குழு கண்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தேயும். மெத்தென்றது சீக்கிரம் பள்ளமாகும், கடினமானது வரப்பாக நிற்கும். ஆகவே பரப்பு ஒருபோதும் வழுவழுப்பாவதில்லை. உளிக்காரன் வராமலே தன்னைத்தானே கொத்திக்கொண்ட அம்மி அது.

கடைக்காரர் கல்லின்மேல் கையை வைத்து, “இது தின்னது என்ன?” என்றார். ஊசியிலை, சுள்ளி, விதை, பட்டை. மொன்டானாவில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தில் மக்கிய மரத்துண்டுகளே இருந்தன. தண்ணீர்ப்பாசி தின்கிற விலங்குக்கு ஆயிரம் பல் எதற்கு?

ஜூன் 3, செவ்வாய் – பினாங்கு

விடியற்காலையில் தண்ணீர்மலை முருகன் கோவில். 500-க்கு மேல் படிகள். கவின் ஓடினான், நான் எண்ணி எண்ணி ஏறினேன். பாதியில் முழங்கால் வலித்து உட்கார்ந்தபோது ஒரு சீனப் பாட்டி தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். மொழி ஒன்றும் பொதுவாக இல்லை, இருவரும் முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையாட்டிக்கொண்டோம். கீழே தாவரவியல் பூங்காவில் நாகலிங்கம் பூத்திருந்தது, வாசனை ஊர்க் கோவில் நினைவைக் கொண்டுவந்தது. வெயிலுக்கு ஜாதிக்காய்ச் சாறு, அப்புறம் சுடச்சுட ஆப்பம்.

சாயங்காலம் குவீன் தெரு மாரியம்மன் கோவிலில் யாருடைய கல்யாணமோ. நாதஸ்வரம் நெருங்கி வந்ததும் கவின் காதைப் பொத்திக்கொள்ளாமல் குழலின் நீளத்தைப் பார்த்தான். “இதுதானே அதோட கொண்டை?” என்றான். நான் அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கவே இல்லை.

உடனே பக்கத்து இரும்புக்கடையில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்று அரை மீட்டர், மற்றது ஒன்றரை மீட்டர், வெட்டித் தர 6 வெள்ளி. விடுதி வாசலில் நின்று உதட்டை அதிரவிட்டு ஊதினோம். குட்டைக் குழாய் கத்தியது. நீளக் குழாயில் வந்த சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில் கேட்டது.

பாராசாரோலோஃபஸின் கொண்டைக்குள் குழல் மூக்கிலிருந்து நுனிவரை போய், வளைந்து, மறுபடி கீழே வரும். கொண்டையைப்போல் இரு மடங்கு நீளம். அவ்வளவு நீளக் குழல் தாழ்ந்த சுரத்தில்தான் ஒலிக்கும். நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்வழியைக் கணினியில் கட்டி, 1997-ல் அந்த ஒலியை எழுப்பிக் காட்டினார்கள். தாழ்ந்த ஒலி மரங்களில் மோதி அவ்வளவாகச் சிதறாது, தூரம் போகும். கூட்டமாக வாழ்ந்த விலங்குக்கு அது எவ்வளவு பெரிய துணை! கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லலாம். எதிர்க்கடை முடிதிருத்துபவர் வெளியே வந்து, தானும் ஒருமுறை ஊதிப்பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 4, புதன் – செந்தூல்

திரும்பிய படகில் மழை. ஒன்றரை மீட்டர் குழாயை ரயிலில் வைக்க இடம் இல்லை. எதிர் இருக்கைக்காரர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார்.

ரயிலில் உட்கார்ந்து, என் பழைய மாணவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். “பிள்ளைகளே, ஹாட்ரோசர் தண்ணீரில் வாழ்ந்தது என்று நான் சொல்லிக்கொடுத்தது தவறு. அது நிலத்தில் மேய்ந்த விலங்கு. வால் விறைப்பு, கையில் சவ்வு இல்லை, வாயில் ஆயிரம் பல். உங்கள் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுங்கள்.” அம்மியின் படத்தையும் போட்டேன். ஈப்போ வருவதற்குள் முதல் பதில் வந்தது, 1991-ல் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன். “டீச்சர், என் பொண்ணுக்கு நேத்துதான் தண்ணியில வாழும்னு சொன்னேன். இப்ப எழுப்பிச் சொல்லட்டுமா?”

இங்கே பகல் இரண்டு மணி, பெண்ணை எழுப்புவானேன் என்று பார்த்தேன். அவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறானாம், அங்கே நடுராத்திரி. விடியட்டும் என்று எழுதினேன்.

அக்கா வீட்டில் பச்சைப் பொம்மை இப்போது மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை. மாடத்தில், துளசித் தொட்டி மண்ணில் நிற்கிறது. அதன் வாய்க்கு நேராகக் கவின் ஒரு சுள்ளியை நட்டு வைத்திருக்கிறான். நாளை காலை எனக்கு விமானம். நீளக் குழாய் தனக்கு, குட்டை எனக்கு என்று பிரித்தும் விட்டான்.